இடத்தை விட்டு நகராதவன்

முதல் வாரத்தில் மட்டும் ஆனந்தராஜ் நாற்பத்தொரு தடவை செத்தான். நாற்பத்தொரு தடவையும் ஒரே காரணம்தான். யாரோ ஒருவன் ஹெட்போனுக்குள் காப்பாற்றச் சொல்லிக் கத்துவான். இவன் நின்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். போகிற வழியில் எதிரி சுட்டுவிடுவான். இவன் காவல் காக்க வேண்டிய வாசல் வழியாக மற்ற எதிரிகள் சாவகாசமாக உள்ளே நுழைந்து கோட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டில் சாவது பெரிய சங்கதி இல்லை, அரை நிமிடத்தில் எழுந்து நின்றுகொள்ளலாம். ஆனால் கூட ஆடுகிற நாலு பேரும் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அது அடுத்த நாள் வரைக்கும் காதில் கிடக்கும்.

அவனுக்கு வயது முப்பத்து மூன்று. காரைக்கால்மேட்டுக்காரன். பதினைந்து வயதில் கடலுக்குப் போகத் தொடங்கி, அக்காள் பூங்கொடியின் கணவர் சிவபாலனுடைய பைபர் படகில் பதினாறு வருடம் தொழில் பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஐப்பசி மாதம், படகைக் கரையேற்றும்போது பின்னாலிருந்து வந்த அலை பக்கத்துப் படகைத் தூக்கிப் போட்டது. இரண்டு படகுக்கும் நடுவில் வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு ஆடுகிற படகில் நின்று வலை இழுக்க முடியாது. அதோடு அவனுடைய கடல் முடிந்துபோனது.

ஊர் அவனைக் கைவிடவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய வேதனை. தினமும் படகு வந்ததும் குழம்புக்கென்று ஆளுக்கு நாலு மீன் பிரிப்பார்கள். அவனுக்கும் ஒரு கூறு ஒதுக்கி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் அது அவன் கூறு. இப்போது அது இரக்கம். ஒரே மீன்தான், ஆனால் வாங்குகிற கைக்கு வித்தியாசம் தெரியும். கல்யாணமும் ஆகவில்லை. கால் போன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மூன்று வேளையும் அக்காள் வீட்டில்தான் சாப்பாடு.

சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் ஊருக்கு ஒரு தகவல் மையம் கட்டிக் கொடுத்திருந்தது. ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், பிராட்பேண்ட் கனெக்‌ஷன், கூரை மேல் உயரமான கம்பம், கம்பத்தோடு இணைத்த வயர்லெஸ் பெட்டி. படகுகளுக்குக் கையடக்கமான வயர்லெஸ் கருவிகளும் கொடுத்திருந்தார்கள். அந்த மையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஊர்ப் பஞ்சாயத்து ஆனந்தராஜிடம் ஒப்படைத்தது. விடியற்காலையில் அலை உயரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டரில் பார்த்து ஒலிபெருக்கியில் வாசிப்பான். படகுகள் கிளம்பிப் போனபின் மதியம் அவை திரும்பும் வரை வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எப்போதாவது யாராவது மோட்டார் நின்றுவிட்டது என்பார்கள், அல்லது கரையில் ஐஸ் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். மற்ற நேரம் சும்மாதான். அந்தச் சும்மா நேரத்தில்தான் இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது.

இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒரு கோட்டை. ஒரு சாரார் பிடிக்க வேண்டும், ஒரு சாரார் காக்க வேண்டும். ஒவ்வொருவனும் வேறு வேறு ஊரில் அவனவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஹெட்போனில் பேசிக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிற தமிழ்க் குழு ஒன்று கிடைத்தது. ஆனந்தராஜ் அதில் சேர்ந்தான். குழுவில் யாருக்கும் அவன் கால் தெரியாது. திரையில் அவனுக்கு இரண்டு கால் இருந்தது, ஓடினான், சுவர் ஏறிக் குதித்தான். முதல் நாள் அப்படி ஓடும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

குழுத் தலைவன் பெயர் ஷகீல். குரலை வைத்துப் பார்த்தால் கல்லூரிப் பையன். புதியவர்களுக்கென்று நீளமாக ஒரு கடுதாசி எழுதிக் குழுப் பக்கத்தில் போட்டிருந்தான். ஆட்டம் நடுவில் எழுந்து போகாதே, வீட்டில் சோறு வைத்துக் கூப்பிட்டாலும் போகாதே என்பதில் ஆரம்பித்து, தோற்றால் அடுத்தவன் தலையில் போடாதே, மைக்கில் வளவளவென்று பேசாதே என்றெல்லாம் எழுதியிருந்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் ஒன்று இருந்தது. உனக்குக் கொடுத்த இடத்தை விட்டு நகராதே. கைத்திறமை தானாக வரும், மனசுதான் முதலில் வர வேண்டும் என்று அந்த இருபது வயதுப் பையன் முப்பத்து மூன்று வயது ஆளுக்குப் பாடம் சொல்லியிருந்தான்.

ஆனந்தராஜுக்கு மற்றதெல்லாம் எளிதாக இருந்தது. அடுத்தவன் மேல் பழி போடும் பழக்கம் அவனுக்குக் கிடையாது, வளவளப்பும் கிடையாது. நகராமல் நிற்பதுதான் முடியவில்லை. கடலில் ஒரு படகிலிருந்து குரல் வந்தால் வலையை அறுத்துவிட்டாவது போக வேண்டும். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிப்போன விஷயம் அது. காதில் குரல் விழுந்தால் அவனுக்குக் கை தானாக மவுஸைத் திருப்பியது.

இரண்டாவது வாரக் கடைசியில் ஷகீல் அவனைத் தனியாகப் பிடித்தான். மற்ற மூன்று பேரும் இவனை நீக்கச் சொல்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அப்போது வெளியே மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூச்சல் மைக் வழியாகக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் எந்த ஊர் என்று ஷகீல் கேட்டான். காரைக்கால்மேடு என்றதும் எந்தக் காரைக்கால்மேடு என்று மறுபடியும் கேட்டான். ஷகீலின் வீடு பக்கத்திலேயே, தலத்தெருவில். சிங்கப்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறவன் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்த ஆள், ஆட்டோவில் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறான். அன்றிலிருந்து அவன் பேச்சில் அண்ணன் வந்து ஒட்டிக்கொண்டது.

"கூப்புடுறான், போகாம எப்புடித் தம்பி இருக்கறது? கடல்ல அப்புடி நின்னா ஊரு காறித் துப்பும்," என்றான் ஆனந்தராஜ்.

"இது கடல் இல்லண்ணே. நீங்க ஓடுனா ரெண்டு பேரு சாவீங்க, கோட்டையும் போயிரும். நீங்க நின்னா ஒருத்தன்தான் சாவான். மத்த நாலு பேரும் அந்த வாசல்ல நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தாண்ணே முன்னாடி போறாங்க."

அன்று முழுவதும் ஆனந்தராஜ் இதையே யோசித்துக்கொண்டிருந்தான். யோசிக்க யோசிக்க, ஊரும் இப்போது இதைத்தானே சொல்கிறது என்று பட்டது. வயர்லெஸ் வந்த புதிதில் ஒரு படகு கூப்பிட்டால் ஒன்பது படகு வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடின. ஒருமுறை எல்லோரும் வடக்கே ஓடிவிட, அதே நேரத்தில் தெற்கே தத்தளித்த படகுக்கு ஆளே இல்லாமல் போனது. அதன்பிறகு ஊர்ப் பெரியவரான நாட்டார் பஞ்சநாதன் தலைமையில் பஞ்சாயத்து கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. கூப்பிடுகிற படகுக்குக் கரைதான் பதில் சொல்ல வேண்டும். எந்தப் படகு போக வேண்டும் என்று கரைதான் பெயர் சொல்ல வேண்டும். கரை "கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்காமல் அவரவர் வலையைப் பார்க்க வேண்டும். அந்தக் கரை வேறு யாரும் இல்லை, ஆனந்தராஜ்தான். ஊர் சொன்னதும் ஷகீல் சொன்னதும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தது.

மறுநாள் ஆட்டத்தில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கோட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்டு அண்ணே, அண்ணே என்று கத்தினான். ஆனந்தராஜின் கை மவுஸைத் திருப்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். கத்தல் நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டு எதிரிகள் வாசலுக்கு வந்தார்கள், இரண்டு பேரையும் சுட்டான். அவன் சேர்ந்த பிறகு குழு முதன்முதலாக ஜெயித்தது. செத்துப்போன கோயம்புத்தூர்ப் பையன்தான் முதலில் கைதட்டினான்.

"அண்ணன் நின்னாரு பாத்தீங்களா? அதுதான் ஆட்டிட்யூட்," என்றான்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஆனந்தராஜுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் கால் போன நாளிலிருந்து யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை. பாவம் என்றார்கள், பரவாயில்லை என்றார்கள். நின்றான் என்று யார் சொன்னார்கள்? அன்று அக்காள் வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். என்னடா இன்னைக்கி முகமெல்லாம் சிரிப்பா இருக்கு என்று பூங்கொடி கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான். சிவபாலன் தன் தட்டிலிருந்த பெரிய மீனை எடுத்து அவன் தட்டில் போட்டார்.

ஆறு மாதத்தில் அவன் குழுவின் வாசல் ஆகிவிட்டான். வேறு யார் எங்கே போனாலும் வாசலில் காரைக்கால்மேட்டு அண்ணன் இருப்பார் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. சத்தம் போட்டாலும் சரி, அழுதாலும் சரி, அவன் நகரமாட்டான். கை தானாகத் திரும்பப் பார்ப்பதும் நின்றுபோனது. எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் யாரோ கத்திக்கொண்டிருக்கும்போது தான் டீ குடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான். தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை. தமிழ்க் குழுக்களுக்கிடையே ஒரு போட்டி வைத்திருந்தார்கள். அன்று காலை பதினொரு மணிக்கு இவர்கள் முறை. ஐந்து பேரில் ஒருவன் நடுவில் வெளியேறினாலும் குழு முழுவதும் தோற்றதாகக் கணக்கு. காலையில் படகுகள் கிளம்பும்போது ஆனந்தராஜ் அலை உயரம் வாசித்தான். கடல் அமைதி, வாடைக்காற்று மட்டும் கொஞ்சம் உண்டு. சிவபாலன் படகில் மூன்று பேர் போக வேண்டிய இடத்தில் அவரும் கோவிந்தராசு என்ற வயதானவரும் மட்டும்தான் போனார்கள். ஆனந்தராஜுக்குப் பதிலாக அவர் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்திலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. ஒரு பக்கத்து ஹெட்போனை நகர்த்திக் கேட்டான். சிவபாலன்தான்.

"மாப்ள, மோட்டாரு நின்னு போச்சு. பின்னாடி கொஞ்சம் தண்ணியும் ஏறுது. ஒரு படகை அனுப்பு."

திரையின் ஓரத்தில் மணி பதினொன்று இருபத்திரண்டு. வாசலுக்கு எதிரே புதரில் எதிரி அசைவது தெரிந்தது. மோட்டார் நிற்பது வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிற சங்கதி. தண்ணீர் ஏறுவதும் அப்படித்தான், கோலி இறைத்துவிடுவார்கள். இடது கையால் வயர்லெஸ்ஸை அழுத்தி, "கேட்டாச்சு மச்சான், இருங்க," என்றான். "சரி மாப்ள, இருக்கோம்," என்றார் அவர்.

கடலில் மற்ற படகுகள் எல்லாம் வடக்கே, எட்டத்தில் கிடந்தன. படகில் இருக்கிற சின்னக் கருவி அவ்வளவு தூரம் எட்டாது. கம்பத்தில் ஏற்றிய கரையின் குரல் மட்டும்தான் எல்லோருக்கும் எட்டும். அவர்கள் காதில் விழுந்தது "கேட்டாச்சு மச்சான், இருங்க" மட்டும்தான். கரை ஒரு வாரத்தில் பத்துத் தடவை யாருக்காவது அப்படிச் சொல்லும். அவர்கள் கட்டுப்பாட்டின்படி வாயை மூடிக்கொண்டு வலையைப் பார்த்தார்கள்.

மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்று ஆனந்தராஜ் கணக்குப் போட்டான். முடியவில்லை. எதிராளிகள் நல்ல ஆட்டக்காரர்கள். இவன் பக்கம் இரண்டு பேர் செத்து, எழுந்து, மறுபடியும் செத்தார்கள். வயர்லெஸ் மறுபடியும் கரகரத்தது. இந்தத் தடவை அவன் ஹெட்போனை நகர்த்தவில்லை. குரல் மைக்குக்குள் புகுந்து மற்ற நாலு பேருக்கும் கேட்டது.

"அண்ணே, பின்னாடி டிவி கத்துது, ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் கொறைங்கண்ணே," என்றான் ஷகீல்.

ஆனந்தராஜின் கை போய் வயர்லெஸ்ஸின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தது. கண் திரையை விட்டு அகலவில்லை. அப்போது தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பொய். "தண்ணி" என்ற சொல் கேட்டது. "யாரு வர்றா" என்று கேட்டது. குரல் சிவபாலனுடையது என்பதும் தெரிந்தது. தெரிந்துதான் திருகினான்.

பதினொன்று முப்பத்தாறுக்கு ஆட்டம் முடிந்தது. ஜெயித்துவிட்டார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், இவனும் சிரித்தான். வாசலை ஒருத்தன் தாண்டவில்லை, அண்ணனாலதான் ஜெயிச்சோம் என்றார்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே குமிழைத் திருப்பினான். பெட்டியில் வெறும் இரைச்சல். மச்சான், மச்சான் என்று கூப்பிட்டான். ஏழெட்டுத் தடவை கூப்பிட்டபின் அவன் குரல் மாறிவிட்டது. வடக்கே கிடந்த இளையபெருமாள் படகைப் பெயர் சொல்லி அனுப்பினான். அப்புறம் மற்ற எல்லாப் படகையும் அனுப்பினான். கட்டுப்பாடு, கோட்டை, வாசல் எல்லாம் மண்ணாகப் போக, ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான். மணலில் இரண்டு இடத்தில் விழுந்தான்.

இளையபெருமாள் போய்ச் சேர்ந்தபோது படகு கவிழ்ந்து கிடந்தது. அடியில் விரிசல் விட்டு, பின்பக்கம் கனத்து, நனைந்த வலையின் பாரத்தில் ஒரு சின்ன அலைக்கே புரண்டுவிட்டது. கோவிந்தராசு வெள்ளை டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார். இருந்தது ஒரே கேன். சிவபாலன் அதை அவரிடம் தள்ளிவிட்டு, வழுக்குகிற படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வழுக்கி விழுவதும் மறுபடி தாவிப் பிடிப்பதுமாக இருந்திருக்கிறார். அவர் உடலை மறுநாள் காலையில் நாகூருக்கு வடக்கே கரையில் கண்டெடுத்தார்கள்.

பஞ்சாயத்து விசாரித்தது. கோவிந்தராசு சொன்னார்.

"கரையிலேருந்து ஒடனே பதில் வந்துச்சு. அதனால பயம் இல்லாமத்தான் இருந்தோம். அப்பறம் ரொம்ப நேரம் ஆச்சு. எளையபெருமாளு படகு தூரத்துல வர்றத நான் பாத்துட்டேன். சொல்லலாம்னு திரும்புறேன், ஆளக் காணும். ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்கு முந்திதான் கைய விட்டாரு."

தண்ணீரில் கிடக்கிறவனுக்கு நிமிடம் மணியாகத்தான் தெரியும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த ரொம்ப நேரத்தைப் பற்றி யாரும் மேலே கேட்கவில்லை. பஞ்சநாதன் எழுந்து வந்து ஆனந்தராஜின் தோளைத் தட்டி, நீ செய்ய வேண்டியதைச் செய்தாய், அவன் விதி அவ்வளவுதான் என்றார். ஆனந்தராஜ் வாயைத் திறந்தான். அழ வாய் திறக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். அவனும் அழத்தான் செய்தான், ஆனால் அவர்கள் நினைத்த காரணத்துக்கு இல்லை.

பூங்கொடி அவனைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியாக என்ன பேசினார் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சரி மாப்ள, இருக்கோம் என்று சொன்னார் என்றான். அதில் அவளுக்கு ஏதோ ஆறுதல் கிடைத்தது. வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். என் தம்பி பேச்சை நம்பித் தைரியமாத்தான் இருந்திருக்காரு என்று அவள் சொல்கிறபோதெல்லாம், ஆனந்தராஜ் எழுந்து வெளியே போனான்.

பத்தாவது நாள் ஷகீல் தேடிக்கொண்டு வந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பையன். பேப்பரில் செய்தி பார்த்திருக்கிறான். மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன், முதலில் ஊன்றுகட்டையைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான், பிறகு மேசை மேல் இருந்த வயர்லெஸ் பெட்டியைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. அந்த அறையில் டிவி இல்லை என்பதை அவன் கண் தேடித் தேடிக் கண்டுபிடிப்பதை ஆனந்தராஜ் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, அன்னைக்கி ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல. நான் கொறைங்கன்னு சொன்னேன். அது டிவிதானே?"

சொல்லியிருக்கலாம். தம்பி, நீ சொன்னாய், நான் திருகினேன் என்று சொல்லியிருந்தால், தூக்க முடியாத பாரத்தைத் தூக்க இன்னொரு கை கிடைத்திருக்கும். உன் கடுதாசியைப் படித்துத்தான் கெட்டேன் என்றுகூடச் சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நிற்கிறவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். இன்னும் கல்லூரி முடிக்காதவன். ஷகீலின் வாப்பா துபாயில், வீட்டில் உம்மா மட்டும்தான். இதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

"டிவிதான் தம்பி. பக்கத்து வூட்டு டிவி," என்றான் ஆனந்தராஜ்.

ஷகீல் நம்பினானா, நம்ப விரும்பினானா என்பது அவனுக்குத்தான் தெரியும். பெரிதாக மூச்சு விட்டான். கிளம்பும்போது, எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள், உங்கள் இடத்தில் வேறு ஆளைப் போடவில்லை, போடவும் மாட்டோம் என்றான். இரண்டு வருடமாக ஆனந்தராஜ் ஏங்கிக் கிடந்த சொல் அது. இப்போது அதைக் கேட்கக் குமட்டலாக இருந்தது. அவன் போனதும் கம்ப்யூட்டரில் இருந்த விளையாட்டை அழித்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். மாலையில் பூங்கொடி அவனுக்குச் சோறு போட்டாள். சிவபாலன் உட்காருகிற இடத்தைத் தாண்டித்தான் இவன் உட்காருவது வழக்கம். அன்று அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் தரை. சோற்றில் கை வைத்தவனால் பிசைய முடியவில்லை. கையை எடுத்துவிட்டு, அக்காள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னான். விளையாட்டு, வாசல், இரண்டாவது குரல், குமிழ். ஷகீல் பெயரை மட்டும் சொல்லவில்லை.

சொல்லி முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"பதினாலு நிமிஷம்."

கோவிந்தராசு சொன்ன ஒரு பீடி குடிக்கிற நேரத்தை அவள் மனதுக்குள் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்தாள். அவளிடமிருந்து வந்த குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை யாருகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா ஊரு உன்னை ஒதுக்கி வச்சிரும். இந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போவ? சோறு நான் குடுத்து அனுப்புறேன். நீ இந்த வூட்டுக்கு வராத."

ஆனந்தராஜ் ஊன்றுகட்டையைப் பிடித்து எழுந்தான். எழும்போது ஒவ்வொரு தடவையும் அவள் கை வந்து முழங்கையைத் தாங்கும். அன்று வரவில்லை.

ஊரில் எதுவும் மாறவில்லை. விடியற்காலையில் அவன் அலை உயரம் வாசித்தான், படகுகள் போயின. மதியம் ஒரு மணிக்குக் கோவிந்தராசு மையத்துக்கு வந்தார். கையில் மூடி போட்ட தூக்கு. அவருக்கு இனிமேல் கடல் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், அதனால் பூங்கொடி அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். தூக்கைத் திறந்து வைத்தார். சூடான சோறு, மேலே மீன் குழம்பு. பெரிய துண்டாகப் பார்த்துத்தான் போட்டிருந்தாள்.

"புருஷன் போன துக்கத்துலயும் தம்பி பசியோட இருக்கக் கூடாதுன்னு நெனைக்கிறா பாரு. இப்புடி ஒரு அக்கா யாருக்குக் கெடைக்கும்? சாப்புடு," என்றார்.

தூக்கைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதால் அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஆனந்தராஜ் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட வேண்டியிருந்தது.